நியா ஸ்மிர்னியில் மதியம் மூன்று மணி

வந்த முதல் வாரமே வாங்கிக் கட்டிக்கொண்டேன். செப்டம்பர் மாதம், சனிக்கிழமை, மதியம் மூன்றரை மணி. துணி காயப்போட பால்கனியில் கொடி கட்ட வேண்டும், அதற்குச் சுவரில் ரெண்டு ஆணி. முதல் ஆணிக்கு நாலு அடி விழுந்திருக்காது, காலிங் பெல் அடித்தது. கீழ் வீட்டு அம்மா. எழுபது வயது தாண்டியிருக்கும். எனக்குக் கிரேக்கம் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. அதனால் பேச்சே இல்லை. என் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார், முள் ஐந்தரைக்கு வரும் இடத்தில் விரலை வைத்தார், போய்விட்டார்.

ஏதோ சிடுமூஞ்சி என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அது அவர் குணம் இல்லை, சட்டம். கிரீஸில் "பொது அமைதி நேரம்" என்று ஒன்று உண்டு. 1996இல் வந்த காவல் துறை ஆணைப்படி, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மதியம் 3 மணியிலிருந்து 5.30 வரையும், இரவு 11லிருந்து காலை 7 வரையும் சத்தம் போடக் கூடாது. குளிர்காலத்துக்கு நேரம் கொஞ்சம் மாறும். மீறினால் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடலாம். நல்ல வேளை, அந்தம்மா கடிகாரத்தோடு விட்டுவிட்டார்.

இந்தக் கட்டுரை அந்த அமைதியைப் பற்றியதுதான். ஏதென்ஸுக்குத் தெற்கே, நகர மையத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டரில் இருக்கும் நியா ஸ்மிர்னியில் சில மாதங்கள் குடியிருந்தேன். மூன்றரை சதுர கிலோமீட்டர் பரப்பில் ஏறக்குறைய 70,000 பேர். ஐந்தாறு மாடிக் குடியிருப்புகள், ஒவ்வொரு பால்கனியிலும் வெயிலுக்கு இறக்கிவிட்ட துணிப் பந்தல், நடைபாதையில் புளிப்பு நாரத்தை மரங்கள். ஃபாலிரோ கடற்கரைக்கு டிராமில் கொஞ்ச நேரம்தான். மாலையில் சதுக்கத்தில் தாத்தாக்கள் காபி குடிக்கிறார்கள், பேரன்கள் பந்து உதைக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் இந்தப் பக்கம் வருவதே இல்லை, பார்க்க எதுவும் இல்லை என்பதால். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

டிராம் நிறுத்தங்களின் பெயர்கள்

சந்தேகம் டிராமில்தான் ஆரம்பித்தது. 2004 ஒலிம்பிக்ஸுக்காகப் போட்ட பாதை இது. நகரத்திலிருந்து கடலுக்குப் போகும் வழியில் நியா ஸ்மிர்னிக்குள் வளைந்து வரும். நிறுத்தங்களின் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தால் ஒரு விசித்திரம் புரியும். ஒரு நிறுத்தத்தின் பெயரில் மிகாலி வருகிறது. அது கிரீஸில் இல்லை, துருக்கிக் கரையில் இருக்கும் மலை. இன்னொன்று "ஏகியூ", அதாவது ஏஜியன் கடல். இன்னொன்று "எவாங்கெலிகி ஸ்கோலி". அது ஒரு பள்ளிக்கூடம். 1733இல் ஸ்மிர்னாவில் தொடங்கிய பள்ளி, இப்போது இங்கே ஒரு நிறுத்தம்.

தெருக்களும் அப்படியே. எஃபெசுஸ் பெயரில் தெரு, அய்தின் பெயரில் தெரு, ஹோமர் பெயரில் ஒரு நீளமான தெரு. ஹோமர் எங்க ஊர்க்காரர் என்று பழங்காலத்தில் சண்டை போட்ட ஊர்களில் ஸ்மிர்னாவும் ஒன்று. கால்பந்து கிளப் பனியோனியோஸ், 1890இல் ஸ்மிர்னாவில் தொடங்கப்பட்டு கடல் தாண்டி வந்தது. ஆகியா ஃபோத்தினி தேவாலயத்தின் மணிக்கூண்டு, ஸ்மிர்னாவில் அதே பெயரில் இருந்த தேவாலய மணிக்கூண்டைப் பார்த்துக் கட்டியது. மூல மணிக்கூண்டு இன்று கிடையாது.

நியா என்றால் புதிய. நியா ஸ்மிர்னி, புதிய ஸ்மிர்னா. ஆக, நான் குடியிருந்தது ஒரு நகரத்தின் நகலில். மூலம் எங்கே போயிற்று?

மூலம்

ஸ்மிர்னா இன்றைய துருக்கியின் இஸ்மிர். உஸ்மானியப் பேரரசின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. அத்திப்பழம், உலர்திராட்சை, புகையிலை எல்லாம் அங்கிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறும். கிரேக்கர், துருக்கியர், ஆர்மீனியர், யூதர், அங்கேயே தலைமுறைகளாகத் தங்கிவிட்ட ஐரோப்பிய வணிகர்கள் என்று கலந்து வாழ்ந்த ஊர். கிறிஸ்தவர்கள் அவ்வளவு அதிகம் என்பதால் துருக்கியர்களே அதை "காவூர் இஸ்மிர்", அதாவது "காஃபிர் இஸ்மிர்", என்று சொல்வார்களாம்.

முதல் உலகப் போரில் உஸ்மானியர்கள் தோற்ற பிறகு, 1919 மே 15 அன்று கிரேக்க ராணுவம் ஸ்மிர்னாவில் இறங்கியது. அங்கிருந்து அனதோலியாவின் உள்ளே உள்ளே போனது. மூன்று ஆண்டுகள் போர். 1922 ஆகஸ்டில் முஸ்தஃபா கெமாலின் படை கிரேக்கர்களை உடைத்தது. பின்வாங்கிய கிரேக்க ராணுவம் வழியில் இருந்த துருக்கிய ஊர்களைக் கொளுத்திக்கொண்டே வந்தது. மனிசா நகரம் பெரும்பகுதி சாம்பலாயிற்று. இதை நியா ஸ்மிர்னியின் நினைவுச் சின்னங்களில் படிக்க முடியாது, ஆனால் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான்.

செப்டம்பர் 9 அன்று துருக்கியப் படை ஸ்மிர்னாவுக்குள் நுழைந்தது. பேராயர் கிரிசோஸ்தொமோஸைக் கூட்டம் அடித்துக் கொன்றது. அவருடைய சிலை இன்று நியா ஸ்மிர்னியில் நிற்கிறது. 13ஆம் தேதி தீப்பிடித்தது. ஆர்மீனியர் பகுதியில் தொடங்கி கிரேக்கர் பகுதிகள், ஐரோப்பியர் பகுதி என்று பல நாள் எரிந்தது. துருக்கியர் பகுதியும் யூதர் பகுதியும் தப்பின. தீயை யார் வைத்தது என்பதில் இரண்டு நாட்டு வரலாறும் இன்றுவரை ஒத்துப்போவதில்லை. பின்னால் தீ, முன்னால் கடல், நடுவில் துறைமுகக் கரையில் லட்சக்கணக்கான மக்கள். எதிரே வல்லரசுகளின் போர்க்கப்பல்கள் நடுநிலை என்ற பெயரில் நங்கூரமிட்டு நின்றன. செத்தவர் கணக்கு 10,000 என்பார்கள், 1,00,000 வரையும் சொல்வார்கள். 18லிருந்து 45 வயதுக்குட்பட்ட ஆண்களைப் பிரித்து, உழைப்புப் படைகளுக்கென்று உள்நாட்டுக்கு நடத்திச் சென்றார்கள். பலர் திரும்பவில்லை. அதனால் கிரீஸில் வந்து இறங்கியவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள்.

மதத்தை வைத்து ஒரு கணக்கு

ஓடி வந்தவர்கள் எல்லோரும் சண்டை ஓய்ந்ததும் திரும்பலாம் என்றுதான் நினைத்தார்கள். வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்து வந்தவர்கள் உண்டு. 1923 ஜனவரி 30 அன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கிரீஸும் துருக்கியும் ஒரு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. துருக்கியில் இருக்கும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கு, கிரீஸில் இருக்கும் முஸ்லிம்கள் துருக்கிக்கு. கட்டாயம். விருப்பம் கேட்பதெல்லாம் இல்லை. ஏற்கெனவே ஓடிப்போனவர்களும் இந்தக் கணக்கில் அடக்கம், அனுமதியில்லாமல் திரும்பக் கூடாது. கான்ஸ்டான்டிநோபிளின் கிரேக்கர்களுக்கும் மேற்குத் திரேசின் முஸ்லிம்களுக்கும் மட்டும் விலக்கு.

கவனியுங்க, அளவுகோல் மதம்தான், மொழி இல்லை. கப்பதோக்கியா பக்கம் கரமன்லிகள் என்று ஒரு மக்கள். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள், வீட்டில் பேசுவது துருக்கி மொழி, எழுதுவது அதையே கிரேக்க எழுத்தில். அவர்களைக் கிரீஸுக்கு அனுப்பினார்கள். கிரீட் தீவின் முஸ்லிம்களில் பலருக்குக் கிரேக்கம்தான் தாய்மொழி. அவர்களைத் துருக்கிக்கு அனுப்பினார்கள். இரண்டு பக்கமும் "தாய்நாட்டில்" போய் இறங்கிய பிறகு கடையில் உப்பு கேட்கக்கூட மொழி தெரியாமல் நின்றவர்கள் இருந்தார்கள்.

கிரீஸின் 1928 மக்கள்தொகைக் கணக்கு 12,21,849 அகதிகளைப் பதிவு செய்தது. நாட்டின் மொத்த மக்கள் 62 லட்சம். ஐந்தில் ஒருவர் அகதி. எங்கே வைப்பது? ஏதென்ஸின் நகர நாடக அரங்கில், செல்வர்கள் உட்கார்ந்து நாடகம் பார்க்கும் மாடங்களில், மாடத்துக்கு ஒரு குடும்பம் என்று தங்க வைத்தார்கள். பழைய ஹெஃபெஸ்டஸ் கோயிலைச் சுற்றிக் கூடாரங்கள். அந்தப் புகைப்படங்களைப் பார்த்த பிறகு அக்ரோபோலிஸ் பக்கம் முன்னைப் போல நடக்க முடியவில்லை எனக்கு.

உள்ளூர்க்காரர்கள் கையை விரித்து வரவேற்றார்கள் என்று நினைக்க வேண்டாம். "துருக்கி விதை" என்று திட்டினார்கள். "தயிரில் ஞானஸ்நானம் எடுத்தவர்கள்" என்று கேலி செய்தார்கள். கிறிஸ்தவர் என்பதற்காக ஒரு ஊரிலிருந்து துரத்தப்பட்டவர்கள், வந்த ஊரில் துருக்கியர் ஆனார்கள்.

அமைதிக்கு ஒரு விலை

சர்வதேச சங்கத்தின் மேற்பார்வையில் அகதிகள் குடியமர்வு ஆணையம் அமைந்தது. முதல் தலைவர் ஹென்றி மோர்கெந்தாவ், உஸ்மானியப் பேரரசில் அமெரிக்கத் தூதராக இருந்தவர். 1924இல் ஒரு கோடியே 23 லட்சம் பவுண்டு கடன் திரட்டப்பட்டது. அதில் பெரும்பகுதி மக்கெதோனியாவில் விவசாயிகளைக் குடியமர்த்தப் போனது. நகரத்துக்கு வந்தவர்களுக்குக் கைக்கு எட்டியது கொஞ்சம். கெசரியானி, விரோனாஸ், நியா இயோனியா, பிரேயஸ் பக்கம் கொக்கினியா என்று குடியிருப்புகள் எழுந்தன. சின்னச் சின்ன அறைகள், பல குடும்பங்களுக்குப் பொதுவான கழிப்பறை, பொதுக் குழாய். துறைமுகத்தை ஒட்டிய திரபெட்சோனாவில் தகரக் கொட்டகைகள் 1960 வரைக்கும் இருந்தன.

நியா ஸ்மிர்னி வேறு கதை. இங்கே அரசு மனைதான் ஒதுக்கியது, வீடு கட்டும் செலவு அவரவர் பாடு. ஸ்மிர்னாவில் வியாபாரமோ உத்தியோகமோ பார்த்து, ஏதோ கொஞ்சம் பணத்தையோ நகையையோ கொண்டுவர முடிந்தவர்களுக்கு, அல்லது இழந்த சொத்துக்கு ஈடாக அரசு கொடுத்த பத்திரங்களை வைத்துச் சமாளிக்க முடிந்தவர்களுக்கு, இது கட்டுப்படியானது. அகலமான தெரு, நேர்கோட்டுத் திட்டம், நடுவே சதுக்கம், ஒரு தோப்பு, தோட்டத்தோடு ஒரு மாடி, ரெண்டு மாடி வீடுகள். நான் ரசித்த அந்த அமைதி அப்போதே வரைபடத்தில் போடப்பட்டது. அதே கப்பலில் வந்த இன்னொருத்திக்குக் கிடைத்தது கொக்கினியாவின் பொதுக் குழாய். ஒரே துயரம்தான், ஆனால் வந்து இறங்கியதும் அதற்குள்ளும் முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு வந்துவிட்டது. "அகதிகள் குடியிருப்பு" என்று பொதுவாக எழுதும்போது இது மறைந்துவிடுகிறது. நானே முதல் குறிப்பில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன்.

1930

இந்த ஊரின் வரலாற்றில் ஒரே ஒரு ஆண்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான் 1922ஐச் சொல்ல மாட்டேன். 1930ஐச் சொல்வேன்.

லோசான் உடன்படிக்கையில் விட்டு வந்த சொத்துக்கு மதிப்புப் போட்டு ஈடு கொடுப்பதாக ஒரு பிரிவு இருந்தது. அதற்கென்று கலப்பு ஆணையம், மனுக்கள், கோப்புகள். அகதிகள் ஒவ்வொரு ஆலிவ் மரத்தையும் எண்ணி எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். 1930 ஜூனில் பிரதமர் எலெஃப்தெரியோஸ் வெனிசெலோஸ் துருக்கியோடு அங்காரா ஒப்பந்தத்தை முடித்தார். இரண்டு பக்கத்துச் சொத்துக் கணக்கும் ஒன்றுக்கொன்று கழிந்ததாக வைத்துக் கோப்பை மூடியாயிற்று. ராஜதந்திரக் கண்ணோட்டத்தில் பெரிய சாதனை. இரண்டு நாடுகளும் நெருங்கின, 1934இல் வெனிசெலோஸ் அதாதுர்க்கின் பெயரை நோபல் அமைதிப் பரிசுக்கே முன்மொழிந்தார். ஆனால் அகதிகளுக்கு? அதுவரை வெனிசெலோஸுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போட்டவர்கள் அவர்கள். அவர்களில் பலர் அந்த நாளிலிருந்து விலகத் தொடங்கினார்கள். ஆலிவ் மர எண்ணிக்கைக்கு இனி அர்த்தம் இல்லை. சாவிக்கும் இல்லை.

அதே 1930இல் நியா ஸ்மிர்னியில் "எஸ்தியா" என்ற பண்பாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டது. அடுப்பங்கரைத் தீ, இல்லம் என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். நூலகம், நாடகம், ஸ்மிர்னாவின் புகைப்படங்கள். அதே 1930இல் மெல்போ மெர்லியே என்ற இசை ஆய்வாளர் அகதிகளின் பாட்டுகளைப் பதிவு செய்யத் தொடங்கினார். அது வளர்ந்து ஆசியா மைனர் ஆய்வு மையம் ஆயிற்று. பல பத்தாண்டுகளில் ஏறத்தாழ 5,000 அகதிகளிடம் போய் உட்கார்ந்து, உங்க ஊர் எப்படி இருந்தது, கிணறு எங்கே இருந்தது, எந்த வழியாக வந்தீர்கள் என்று கேட்டு எழுதி வைத்தார்கள்.

இது மூன்றும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயலாகவும் இருக்கலாம். சங்கத்தையும் ஆய்வையும் தொடங்கியவர்கள் ஒப்பந்தத்துக்குப் பதிலாகத் தொடங்கினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எனக்குத் தோன்றுவது இதுதான்: திரும்பிப் போகலாம் என்ற நினைப்பு இருக்கிறவரைக்கும் ஊர் என்பது ஒரு விலாசம். அந்த நினைப்பு போன பிறகுதான் அதை எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. இன்று நியா ஸ்மிர்னியின் முக்கியத் தெருக்களில் ஒன்றுக்கு வெனிசெலோஸ் பெயர். கோப்பை மூடியவர் பெயரில், கோப்பு கொடுத்தவர்களின் தெரு. அவரை மன்னித்தார்களா, அல்லது பிறகு வந்த போரும் பஞ்சமும் இதைச் சின்னதாக்கிவிட்டதா? நான் பேசிப் பார்த்தவர்கள் தோளைக் குலுக்கினார்கள்.

எலுமிச்சை மரம் இருந்த இடம்

அந்தத் தோட்ட வீடுகள் எங்கே என்று கேட்பீர்கள். ஒன்றிரண்டு இருக்கின்றன, சன்னல் உடைந்து, இரண்டு அபார்ட்மென்டுகளுக்கு நடுவே. மற்றதெல்லாம் "அந்திபரோஹி"யில் போயிற்று. நம்ம சென்னையில் ஜாயின்ட் வென்ச்சர் என்போமே, அதேதான். மனைக்காரர் நிலத்தைக் கொடுப்பார், பில்டர் தன் செலவில் மாடி கட்டுவார், பணத்துக்குப் பதில் மனைக்காரருக்கு ரெண்டு மூன்று வீடுகள். ஒரே கட்டடத்தில் மாடிக்கு மாடி தனி உரிமை வைக்க வழி செய்த சட்டம் 1929இலேயே வந்துவிட்டது. 1950களிலிருந்து 70கள் வரை ஏதென்ஸ் முழுக்க இப்படித்தான் திரும்பக் கட்டப்பட்டது.

கீழ் வீட்டு அம்மாவோடு பிறகு நல்ல பழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிண்ணத்தில் சுட்சுகாக்கியா கொண்டுவந்து கொடுத்தார், தக்காளிச் சாற்றில் வேகவைத்த நீளக் கறி உருண்டைகள். மூடியைத் திறந்ததும் சீரக வாசனை. எனக்கு ஒரு நிமிஷம் எங்க வீட்டுச் சமையலறை. ஸ்மிர்னா அகதிகள் கொண்டுவந்த பக்குவம், இன்றும் அதற்கு "ஸ்மிர்னா சுட்சுகாக்கியா" என்றுதான் பெயர். அவருடைய பேரன் மொழிபெயர்க்க, கதை சொன்னார். எங்கள் கட்டடம் நிற்கும் இடத்தில்தான் அவருடைய பாட்டி கட்டிய வீடு இருந்தது. பின்னால் ஒரு எலுமிச்சை மரம். பிள்ளைகளுக்குப் புரியக் கூடாதென்றால் பாட்டியும் அவர் தங்கையும் துருக்கி மொழியில் பேசிக்கொள்வார்களாம். பாட்டி போன பிறகு அப்பாவும் சித்தப்பாவும் பில்டரிடம் கொடுத்தார்கள், ஆளுக்கு ஒரு வீடு.

"வருத்தமா இல்லையா?" என்று கேட்டேன். பேரன் மொழிபெயர்த்த பதில்: "லிஃப்ட் இருக்கு, ஹீட்டர் இருக்கு. பாட்டி இருந்திருந்தா அவங்களே கையெழுத்துப் போட்டிருப்பாங்க. ஒரு தடவை எரிஞ்சு போனதைப் பார்த்தவங்களுக்குச் சுவர் மேல பெரிய பற்று இருக்காது." பழைய வீடுகளை இடித்ததைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த ஒரு பக்கப் புலம்பலை அன்றிரவு அழித்துவிட்டேன்.

கடலுக்கு அந்தப் பக்கம்

கிளம்புவதற்கு முன் இஸ்மிருக்கு இரண்டு நாள் போய் வந்தேன். நகலைப் பார்த்தாயிற்று, மூலத்தைப் பார்க்காமல் எப்படி. தீயில் போன பகுதியில் இடிபாடுகள் பல ஆண்டுகள் அப்படியே கிடந்தன. பிறகு சுத்தம் செய்து பெரிய பூங்காவாக்கினார்கள். கல்தூர்பார்க், 1936இல் திறந்தது. பனைமரங்கள், புல்வெளி, ஆண்டுதோறும் சர்வதேசக் கண்காட்சி. நான் போனது ஒரு மதிய நேரம். பெஞ்சில் ஒருவர் செய்தித்தாளை முகத்தில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு பெண் குழந்தைவண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். காலுக்குக் கீழே என்ன இருந்தது என்று தெரியாவிட்டால், அழகான, சத்தமில்லாத பூங்கா, அவ்வளவுதான். அவளுடைய கொள்ளுப்பாட்டியும் கிரீட்டிலிருந்தோ சலோனிக்காவிலிருந்தோ பெட்டியோடு வந்து இறங்கியவளாக இருக்கலாம். அங்கேயும் அப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய.

அமைதியான குடியிருப்புப் பகுதி என்றால் எதுவும் நடக்காத இடம் என்று எடுத்துக்கொள்கிறோம், வரலாறு வேறெங்கோ நடந்தது என்று. இந்த இரண்டு இடங்களைப் பார்த்த பிறகு எனக்கு அந்த நினைப்பு போய்விட்டது. இப்போதெல்லாம் சத்தமில்லாத தெருவில் நடந்தால் முதலில் பெயர்ப்பலகைகளைப் படிக்கிறேன்.

திரும்பி வந்தபோது மணி நாலரை. சுவரில் முதல் ஆணி பாதி இறங்கி அப்படியே நின்றது, அந்தச் சனிக்கிழமையிலிருந்து. காலி செய்கிற வாரத்தில் எதற்கு என்று தோன்றினாலும், ஐந்தரை வரைக்கும் காத்திருந்து அடித்து முடித்தேன். அடுத்து வருகிறவர் துணி காயப்போடட்டும்.